தீவகத்துப் பிள்ளைகளும் சரித்திரப் பாடமும்

அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்புவிப்பதே சரித்திரம் என்னும் எண்ணம் இன்னும் பலரிடம் நிலவுகின்றது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொலநறுவையும் தொலைவு; பன்னிரண்டாம் நூற்றாண்டும் தொலைவு. ஆயினும், அவ்விரண்டையும் அதன் கண்முன் கொணரவல்ல கல்லொன்று யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் உண்டு.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள அக்கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாலோ சரிபாதி.

இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் தரத்திலேதான் சரித்திரம் தனிப்பாடமாகின்றது. அதற்கு முந்திய தரங்களில் அதன் வித்தினைச் சுற்றாடல் பாடத்திலே இடலாம். நூறு பொன் பெறுமதியான சரக்கில் உடையவனுக்கு எவ்வளவு, நூறு பொன் பெறுமதியான குதிரைகளில் எவ்வளவு என ஆசிரியர் வினவட்டும். ஐம்பது, எழுபத்தைந்து எனப் பிள்ளைகள் விடை பகர்வர். இந்த வேற்றுமை ஏன் என்பது அடுத்த வினா. யானையையும் குதிரையையும் அரசன் பெரிதும் விரும்பினான் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவர். கணக்கு அங்கே சரித்திரமாகிவிடுகின்றது.

மற்றொரு வினாவும் உண்டு. பொலநறுவையில் இருந்த சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழிலே பொறித்தது ஏன்? துறைமுகத்தில் வாழ்ந்தோரும் வந்து போவோரும் அதனை அறிய வேண்டியிருந்தது அன்றோ! 1983 முதல் 2009 வரை போரினால் நலிந்த நாட்டில், இவ்வினாவை இளமையிலே எதிர்கொண்ட பிள்ளை, பின்னாளில் எவர் கூறும் பழம்பெருமையையும் ஆராயாது ஏற்காது.

அதே தீவில் நாகவிகாரையும் உண்டு. புத்தர் அங்கு எழுந்தருளினார் என்பது பௌத்தர் நம்பிக்கை. மணிமேகலை கூறும் மணிபல்லவம் அத்தீவே என்பது அறிஞர் சிலர் கருத்து. ஊராத்துறை பற்றிய ஆணையோ கல்லில் உள்ள சான்று. நம்பிக்கையை மதிக்கவும், கருத்தை ஆராயவும், சான்றை வாசிக்கவும் பிள்ளைகளைப் பழக்குவதே ஆரம்பப் பாடசாலையின் கடமை. ஆண்டுகளை அவர்கள் பின்னர் கற்றுக்கொள்வர்.