ஆயிரம் வாட்ஸ் ஸ்டிக்கரும் முப்பது வாட்ஸ் குழாயும்

கோயில் கொடை வந்தா எங்க அஞ்சுகிராமத்துப் பக்கம் மொதல்ல வந்து எறங்குறது மைக்செட்டுதான். தென்னை மரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கெட்டிப் பாட்டு போட்டா அடுத்த ஊருக்குக் கேக்கும். ஆம்ப்ளிஃபயரை எட்டிப் பாத்தா முப்பது வாட்ஸ்னு போட்டிருக்கும். அவ்வளவுதான்.

1990-கள்ல மொத சம்பளத்துல அப்பாவுக்கு ஒரு டூ-இன்-ஒன் வாங்கினேன். காரணம் இருந்தது. ஆகாசவாணி தன்னோட முதல் உள்ளூர் வானொலி நிலையத்தை 1984-ல் தொடங்கினது எங்க நாகர்கோவில்லதான். அது எஃப்.எம்.ல 101 மெகாஹெர்ட்ஸ். எங்க வீட்டு மரப்பெட்டி வால்வு ரேடியோவுல எஃப்.எம். எடுக்காது. கடையில நாலு செட்டு இருந்துச்சு. ஒண்ணையும் பாட விட்டுக் கேக்கல. ஸ்டிக்கரைத்தான் படிச்சேன். ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ முடிஞ்சது!

அப்பா ஒரு வாரம் கேட்டாரு. அப்புறம் மெதுவா, “சத்தம் கெடக்கு மக்கா, பாட்டக் காணுமே”ன்னாரு. மரப்பெட்டியைத் தொடச்சு வச்சு இலங்கை வானொலிக்கே திரும்பிட்டாரு. எனக்கு வந்த கோவத்துல ரெண்டு நாள் அவருகிட்ட பேசல.

அதுக்கப்புறம்தான் செட்டோட பின்பக்கத்தைப் படிச்சேன். ‘230 வோல்ட், 25 வாட்ஸ்’. கரண்டுல இருந்து 25 வாட்ஸ் இழுக்குற பெட்டி எப்படி 1000 வாட்ஸ் கொடுக்கும்? அந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள்ள இழுத்து விட்டது.

இந்த வாட்ஸ் பொய் நம்ம ஊர்ல பொறந்தது இல்ல. 1960-களில் அமெரிக்காவில் ஸ்டீரியோ செட்டுகள் வீட்டுக்கு வீடு போக ஆரம்பிச்சப்போ, ஆளாளுக்கு ஒரு வாட்ஸ் சொன்னாங்க. ஒருத்தர் ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்தார். இன்னொருத்தர் ஒரு கண நேரம் எகிறுற உச்சத்தை அளந்தார். சத்தம் கிழிஞ்சு வந்தாலும் பரவாயில்லைன்னு டிஸ்டார்ஷனைக் கண்டுக்காம அளந்தவங்களும் உண்டு. ஒரே பெட்டிக்கு 20 வாட்ஸும் சொல்லலாம், 100 வாட்ஸும் சொல்லலாம்.

1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதுக்கு ஒரு விதி கொண்டு வந்தது. வாட்ஸ் சொல்லணும்னா ரெண்டு சேனலும் ஓடணும், தொடர்ந்து கொடுக்கணும், எத்தனை ஓம்ஸ், எந்த அலைவரிசை, எவ்வளவு டிஸ்டார்ஷன்னு சேர்த்துச் சொல்லணும். அதுக்கு முன்னாடி மூணுல ஒரு பங்கு பவர்ல ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கணும்னு அப்போ இருந்தது. பல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் அக்கினிப் பரீட்சை. 2024-ல் இந்த விதியை இன்னும் இறுக்கினாங்க.

ஆனா அது அமெரிக்காவுக்கு. நம்ம கடைக்கு வந்த பெட்டிகள்ல பி.எம்.பி.ஓ. ஒட்டிக்கிட்டே வந்தது. அதை இப்படித்தான் அளக்கணும்னு பொதுவான முறையே கிடையாது. ஸ்டிக்கர் அடிக்கிறவர் மனசுதான் மீட்டர் :-)

வாட்ஸ் இப்படின்னா, டிஸ்டார்ஷன் கதை வேற. அந்த நம்பர் பொய் இல்ல, ஆனா முழு உண்மையும் இல்ல.

1927 ஆகஸ்ட் 2-ம் தேதி, பெல் லேப்ஸ் எஞ்சினியர் ஹரால்ட் பிளாக் வேலைக்குப் போற படகுல, கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர்லயே ஒரு படம் போட்டார். ஆம்ப்ளிஃபயரோட வெளியீட்டுல கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டு, தப்பைத் தானே திருத்திக்க வைக்கிறது. அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். தொலைதூரத் தொலைபேசிக்காக யோசிச்சது, பின்னால பாட்டுக்கும் வந்தது. 1947-ல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வில்லியம்சன் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் 15 வாட்ஸ், டிஸ்டார்ஷன் 0.1 சதவீதம்தான்.

டிரான்சிஸ்டர் வந்தப்போ ஒரு குழப்பம். பேப்பர்ல டிஸ்டார்ஷன் கம்மி, காதுக்கோ கரகரப்பு. காரணம் இதுதான். ரெண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை பாக்கும். குடம் கை மாறும்போது கொஞ்சம் தண்ணி சிந்துற மாதிரி, ஒண்ணு விட்டு இன்னொண்ணு பிடிக்கிற இடத்துல ஒலி கொஞ்சம் சிதையும். நெறைகுடத்துல அந்தச் சிந்தல் கணக்குலயே வராது. அரைச் செம்பு தண்ணியில கை மாத்துனா பாதி போயிரும். கம்பெனிக்காரங்க நெறைகுடத்துல அளந்து சொன்னாங்க. நாம வீட்டுல கேக்குறது பெரும்பாலும் அரைச் செம்புதான், அதாவது ஒரு வாட்ஸ் பக்கம்.

1970-களில் இந்தச் சதவீதத்துல சைபர் சேக்குற போட்டி நடந்தது. 1970-லேயே ஃபின்லாந்தைச் சேர்ந்த மட்டி ஒட்டாலா, ஃபீட்பேக்கைக் கண்டபடி கூட்டினா திடீர்னு எழும்புற ஒலியை ஆம்ப்ளிஃபயர் சமாளிக்காதுன்னு கட்டுரை எழுதினார். நிலையான ஒரு ஸ்வரத்தை வச்சு அளக்குற மீட்டருக்கு அது தெரியாது. 1978-ல் வந்த என்.ஏ.டி. 3020 வெறும் 20 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். ஆனா உலகம் முழுக்க வித்துத் தீர்ந்தது.

இப்ப நம்ம கொடைக்கு வருவோம். முப்பது வாட்ஸ் எப்படி அடுத்த ஊருக்குக் கேக்குது?

நம்ம காது வாட்ஸை நேராக் கூட்டிக் கணக்கு பாக்காது. பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா 3 டெசிபல்தான் ஏறும். சத்தம் ரெட்டிப்பா தோணணும்னா பத்து மடங்கு பவர் வேணும். குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்துல சுமார் 106 டெசிபல் கொடுக்கும். வீட்டு அலமாரி ஸ்பீக்கர் சுமார் 86. வித்தியாசம் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு பவர். குழாய்க்கு 30 வாட்ஸ்னா, அதே சத்தத்துக்கு அலமாரி ஸ்பீக்கருக்கு 3000 வாட்ஸ் வேணும்!

ஆனா குழாயில தவில் கேட்டா தொப்பி பக்கத்துக் கனமே இருக்காது. கீழ் ஒலிகளை அது தராது. சத்தம் வேற, நயம் வேற.

அதனால செட்டு வாங்குறப்போ நான் பாக்குறது இதுதான். வாட்ஸ்னா எத்தனை ஓம்ஸ்ல, எந்த அலைவரிசையில, எவ்வளவு டிஸ்டார்ஷன்ல, ரெண்டு சேனலும் ஓடியான்னு பாப்பேன். ஸ்பீக்கரோட டெசிபலைக் கேப்பேன். பின்பக்கம் கரண்டு எவ்வளவு இழுக்குதுன்னு படிப்பேன். கடைசியா, நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டைச் சத்தம் கொறைச்சு வச்சுக் கேப்பேன். சத்தமா வச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

நம்ம ஆயிரம் வாட்ஸ் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? எங்க ஊர் மைக்செட் அண்ணாச்சிதான் வழி சொன்னாரு. “செட்ட ஏம்டே குத்தம் சொல்லுக? ஸ்பீக்கர மாத்து.” பெட்டியோட வந்த குட்டி ஸ்பீக்கரைக் கழத்திட்டு, மரப்பெட்டியில அடைச்ச எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டை மாட்டிக் கொடுத்தாரு. அதே சேனலுக்கு அஞ்சு வாட்ஸ்தான். அப்பா திண்ணையில உக்காந்து நாகர்கோவில் வானொலி கேட்டாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா ராத்திரி அவரு அதை அணைக்கவும் இல்ல.