நிலத்தின் பொறையை அளந்த வரலாறு

கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தவர் வள்ளுவர். பொறுமைக்கு உவமை தேடியபோது அவர் நிலத்தையே கண்டார். வானம் வழங்கும், நிலம் பொறுக்கும் என்பது பழைய உலகின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கைத்தொழில் யுகம் சோதனைக்குள்ளாக்கியது. வானம் நஞ்சையும் வழங்குமா? நிலத்தின் பொறைக்கும் ஓர் எல்லையுண்டா? இவ்வினாக்களுக்கு விடைகாண ஐரோப்பா நூறாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைச் செலவிட்டது. இறுதியில் அவ்விடை தேசப்படங்களின் வடிவில் கிடைத்தது.

வரலாறு மன்செஸ்டர் நகரிலே தொடங்குகின்றது. நெசவாலைகளின் புகைபோக்கிகள் வானை மறைத்து நின்ற அந்நகரில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த இரசாயன அறிஞர் றொபேட் அங்கஸ் சிமித் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தார். நகரின் நடுவே பெய்யும் மழையில் கந்தக அமிலம் கலந்திருப்பதையும், தொலைவிலுள்ள வயல்வெளிகளை நோக்கிச் செல்லச் செல்ல மழையின் தன்மை மாறுவதையும் அவர் 1852ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1872ஆம் ஆண்டில் காற்றையும் மழையையும் பற்றி ஒரு பெருநூலும் எழுதினார். ஆனால் அந்நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், பாரிஸ் மாநகரில் வாழ்ந்த பின்லாந்துத் தாவரவியலறிஞர் வில்லியம் நைலாந்தர், நகரக் காற்று மாசுற்ற இடங்களில் மரப்பட்டைகளில் வளரும் இலைக்கன்கள் அருகிப்போவதை 1866ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். மனிதர் உணருமுன்னரே சிற்றுயிர்கள் சாட்சி கூறிவிட்டன.

1952ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் இலண்டனைக் கவிந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1956ஆம் ஆண்டில் பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. அடுத்துவந்த ஆண்டுகளில் பல நாடுகளிலும் மின்னிலையங்களின் புகைபோக்கிகள் மேன்மேலும் உயர்ந்தன. அயலிலுள்ள காற்றுத் தெளிந்தது. ஆயினும் புகை மறைந்துவிடவில்லை. கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயு காற்றோடு நூற்றுக்கணக்கான மைல் கடந்து, வழியிலே அமிலமாக மாறி, வேறொரு நாட்டில் மழையாகவும் பனியாகவும் இறங்கியது.

அதனைப் பெற்றுக்கொண்டவை சுவீடனும் நோர்வேயும். சுவீடனில் 1940களின் பிற்பகுதியில் ஹான்ஸ் எக்னெர் என்னும் மண்ணியலறிஞர், மழையோடு பயிருக்குக் கிடைக்கும் உரச்சத்தை அறியும்பொருட்டு மழைநீர் சேகரிக்கும் நிலையங்களை அமைத்திருந்தார். உரத்தைத் தேடி வைத்த கலங்களே பின்னர் நஞ்சைக் காட்டிக்கொடுத்தன. அந்த அளவீடுகளை ஆராய்ந்த சுவந்தே ஓடேன் என்னும் அறிஞர், மழை ஆண்டுக்காண்டு அமிலமாகி வருவதை 1967ஆம் ஆண்டில் ஒரு நாளிதழ் வாயிலாக மக்களுக்கு உணர்த்தினார். ஐரோப்பிய நாடுகள் தம்மையறியாமலே ஒன்றன்மீதொன்று இரசாயனப் போர் தொடுக்கின்றன என்பதே அவர் விடுத்த எச்சரிக்கை.

அப்போரில் முதலில் மடிந்தவை மீன்கள். அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து நீர்நிலைகளுக்குக் கொண்டுசெல்லும்; அது மீன்களின் பூக்களிற் படிந்து மூச்சைத் தடுக்கும். குளிர்காலம் முழுவதும் பனியில் உறைந்திருந்த அமிலம், இளவேனிலிற் பனி உருகும்போது ஒருசேர ஆற்றில் இறங்கும். 1975ஆம் ஆண்டு இளவேனிலில் தெற்கு நோர்வேயின் தொவ்தால் ஆற்றில் ட்ரௌட் மீன்கள் பெருந்தொகையாக மடிந்து மிதந்தன. அவ்வாற்றங்கரையில் வாழ்ந்தோர் அப்புகையை எழுப்பியவர் அல்லர். எழுப்பியவர் அவ்வாற்றைக் கண்டவருமல்லர்.

குற்றம் யாருடையது? இதனை நிறுவக் கண்ணீர் போதாது, கணக்கு வேண்டும். 1972ஆம் ஆண்டில் தொடங்கிய பதினொரு நாடுகளின் கூட்டாய்வு, நோர்வேயிலும் சுவீடனிலும் விழும் கந்தகத்தின் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்தே வருகின்றதென 1977ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. அவ்வாண்டே ஐரோப்பா முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் காற்றின் வழியைக் கணக்கிடும் பொதுத்திட்டமும் உருவாயிற்று. அதன் கணக்கீட்டு நிலையங்கள் இரண்டில் ஒன்று ஒஸ்லோவிலும் மற்றொன்று மொஸ்கோவிலும் இயங்கின. பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் முகாம்களாய் நின்ற நாடுகள் 1979ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடி, எல்லை கடந்து செல்லும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன.

1985ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில், கந்தகத்தை எல்லோரும் நூற்றுக்கு முப்பது வீதம் குறைப்பதென ஒரு தீர்மானம் உருவாயிற்று. பிரித்தானியா போன்ற சில நாடுகள் அதில் இணைய மறுத்தன. எல்லோர்க்கும் ஒரே பங்கு என்பது நீதிபோலத் தோன்றினும், நிலம் எல்லாம் ஒரே தன்மையது அன்று. சுண்ணக்கற் பூமி அமிலத்தை எளிதில் அடக்கிவிடும். கருங்கற்பாறைமேல் மெல்லிய மண் படிந்த நாடு சிறிதளவையும் தாங்காது. எனவே, "எவ்வளவு குறைக்க இயலும்?" என்ற கேள்விக்குப் பதிலாக, "இந்நிலம் எவ்வளவு பொறுக்கும்?" என்ற கேள்வி எழுந்தது. 1988ஆம் ஆண்டில் சுவீடனின் ஸ்கூக்ளொஸ்டர் என்னுமிடத்திற் கூடிய அறிஞர்கள் இந்தப் பொறையளவுக்கு வரைவிலக்கணம் வகுத்தனர்.

பாறை சிதைந்து அளிக்கும் கல்சியம் முதலிய சத்துக்கள் வரவு. விழும் அமிலம் செலவு. செலவு வரவை மிஞ்சாத எல்லையே பொறையளவு. ஒவ்வொரு நாடும் தன் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இதனைக் கணித்து அனுப்ப, நெதர்லாந்தின் பில்தோவன் நகரிலிருந்த நிலையம் அவற்றையெல்லாம் இணைத்து 1991ஆம் ஆண்டில் ஐரோப்பியப் படங்களை வெளியிட்டது. வியன்னாவுக்கு அண்மையிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று, எந்த நாட்டில் எவ்வளவு செலவிட்டால் எந்தக் காடு பிழைக்கும் என்று கணிக்கும் மாதிரியை ஆக்கியது. 1994ஆம் ஆண்டில் ஒஸ்லோவில் ஒப்பமான உடன்படிக்கை, இப்படங்களின் துணைகொண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் வெவ்வேறு பொறுப்பை விதித்தது. வாயற்ற ஏரி, ஓர் எண்ணின் வடிவிலே பேச்சு மேசையில் இடம்பெற்றது.

அதன் பயன் சிறிதன்று. ஐரோப்பாவின் கந்தகப் புகை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. பல நீர்நிலைகள் மெல்ல மீண்டன. எனினும் சத்தை இழந்த மண் விரைவிற் பழைய நிலையை எய்துவதில்லை. வாகனங்களும் பண்ணைகளும் வெளியிடும் நைதரசன் சேர்வைகள் இன்றும் பல நிலங்களிற் பொறையளவை மீறியே விழுகின்றன. 1999ஆம் ஆண்டில் கொதன்பேர்க்கில் ஒப்பமான உடன்படிக்கை அவற்றையும் கணக்கிற் சேர்த்தது.

காற்றுக்கு எல்லையில்லை என்ற உண்மை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1998ஆம் ஆண்டில் இலங்கை உட்பட எட்டு நாடுகள் ஏற்றுக்கொண்ட மாலே பிரகடனம், அவ்வுண்மையைத் தென்னாசியாவிலும் ஏற்றது. ஆயினும் தொவ்தாலின் மீன்கள் மடிந்த பின்னரே கணக்குகள் முழுமைபெற்றன என்பதை மறத்தலாகாது. நிலத்தின் பொறையை அது தீர்ந்துபோகுமுன் அளந்தறிவதே அறிவுடைய நாடுகளின் கடமை.