நேராக உட்காரச் சொன்னவர்கள்

கழுத்து வலிக்கிறது என்று சொல்லும் அலுவலகப் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது, "நேரா உட்காரும்மா" என்ற அறிவுரை. தவறு அவள் உடலுடையது என்றாகிவிடுகிறது. எந்த நாற்காலியில், எத்தனை மணி நேரம், யாருடைய கண்காணிப்பில் என்று யாரும் கேட்பதில்லை.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713இல் எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம் என்று மூன்று காரணங்களைச் சொன்னார். மூன்றும் வேலையில் இருப்பவை. அந்த எழுத்தர்கள் ஆண்கள்.

1874இல் ரெமிங்டன் நிறுவனம் தட்டச்சுப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தையல் இயந்திரமும் செய்த நிறுவனம் அது. பூ வேலைப்பாட்டோடு, தையல் மேசை போன்ற தாங்கியின் மேல் அந்தப் பொறி வந்தது. சில பத்தாண்டுகளில் அமெரிக்க, பிரிட்டன் அலுவலகங்களில் தட்டச்சு பெண்களின் வேலையானது, கூலியும் குறைந்தது. ஆண் நடந்துகொண்டே சொல்லலாம். பெண் உட்கார்ந்தே தட்ட வேண்டும்.

பிறகு கணினித் திரை வந்தது. தாள் மாற்றவாவது நகர்ந்த கைகளுக்கு அந்த இடைவேளையும் போயிற்று. 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகைப் பணியாளர்களும் தொலைபேசி இயக்குநர்களும் ஆயிரக்கணக்கில் கை, தோள், கழுத்து வலியைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். மருத்துவர்களில் ஒரு சாரார் அதை 'ஹிஸ்டீரியா' என்றார்கள். ஆண் எழுத்தருக்கு வேலையில் இருந்த காரணம், பெண்ணுக்கு மனதுக்குள் போய்விட்டது.

பெண்கள் இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அலுவலகப் பெண்கள் 1973இல் தொடங்கிய 'நைன் டு ஃபைவ்' அமைப்பு, ஊதியத்தோடு திரைமுன் வேலை செய்வோரின் உடல்நலத்தையும் கோரிக்கையாக்கியது. 1990இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த ஆணை, உயரம் மாற்றக்கூடிய இருக்கையையும் வேலைக்கு நடுவே இடைவேளையையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. வலி, தனிப்பட்ட ஒருத்தியின் பழக்கம் என்பதிலிருந்து வேலையிடத்தின் பிரச்சினையாக மாறியது அப்படித்தான்.

திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவதும், பாதத்தைத் தரையில் ஊன்றுவதும், அரைமணிக்கொருமுறை எழுந்து நடப்பதும் நல்லவைதாம். செய்வோம். ஆனால் எழுந்தவளை "எங்கே போறே?" என்று கேட்கும் அலுவலகத்தில், முதுகு மட்டும் நிமிர்ந்து என்ன பயன்?