தேவதாசிலிருந்து வசந்த மாளிகை வரை

1974-ஆம் ஆண்டில் இந்தியில் வெளிவந்த 'பிரேம் நகர்', குடியில் மூழ்கிக் கிடந்த செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவன் ஒரு பெண்ணின் அன்பினால் மனிதனாக மீளும் கதை. ராஜேஷ் கன்னாவும் ஹேமமாலினியும் நடித்தனர், எஸ். டி. பர்மன் இசையமைத்தார், ஆனந்த் பக்ஷி பாடல்களை எழுதினார். வடநாட்டார் அதனைத் தம் மொழியின் காதற்படங்களுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டனர். ஆயினும் அந்தக் கதை வடக்கிலே பிறந்ததன்று. கோடூரி கௌசல்யா தேவி என்னும் தெலுங்கு எழுத்தாளரின் நாவலில் அது பிறந்தது. சென்னைத் திரையுலகில் வளர்ந்தது. தமிழில் 'வசந்த மாளிகை' என்னும் பெயர் பூண்டு, பின்னரே பம்பாய் சென்றது. காதலால் மீட்சி என்னும் கருத்து தமிழ்நாட்டில் எவ்வாறு வேர் பிடித்தது, எந்தக் காலச் சூழலில் அது மக்கள் நெஞ்சைத் தொட்டது என்பதை ஆராய்வோர்க்கு இப்படத்தின் வரலாறு நல்லதொரு வாயில்.

மதுவும் மரபும்

தமிழ்ச் செய்யுள் மரபில் மதுவுக்கு இரு முகங்கள் உண்டு. சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும் வள்ளன்மையின் அடையாளங்கள். அதியமான் மறைந்தபோது ஔவையார் வடித்த கண்ணீரில், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட பாங்கும் கலந்திருக்கிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்தார். அது 93-ஆம் அதிகாரம். அதற்கு இரண்டு அதிகாரங்கள் முன்னே நிற்பது பெண்வழிச்சேறல்; அடுத்து வருவது சூது; அதற்கும் அடுத்தது மருந்து. பெண்ணின் சொல்வழி நடத்தலும் கள்ளுண்டலும் ஆடவனைக் கெடுக்கும் வழிகளாக அருகருகே வைத்து எண்ணப்பட்டன. கள்ளிலிருந்து மீள்வதற்குப் பெண்வழிச்சேறலே மருந்தாகும் என்று ஒரு கதை சொல்ல வந்தால், அது இந்த வரிசையையே மாற்றி அடுக்குகிறது என்று பொருள்.

பக்தி மரபில் இம்மாற்றத்திற்கு ஒரு முன்னோடி உண்டு. கணிகை சிந்தாமணியின்பால் மயங்கித் திரிந்த பில்வமங்கலன், அவள் சொன்ன ஒரு சொல்லால் கண்ணன்பால் திரும்பி லீலாசுகர் ஆன கதையே அது. ஒய். வி. ராவ் இயக்கத்தில் 1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' அக்கதையையே படமாக்கியது. எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலும் மயிலாப்பூர்வாசியான பாபநாசம் சிவனின் பாடல்களும் அதனை ஓராண்டுக்கு மேல் ஓட வைத்தன. ஆனால் அங்கே பெண் ஒரு வழிகாட்டி மட்டுமே. அவள் கைகாட்டிய திசையில் கடவுள் நிற்கிறார். மீண்டவன் அவளைக் கடந்து போய்விடுகிறான். மீட்டவளிடமே திரும்பி வந்து அவளோடு வாழும் மீட்சி, தமிழ்த் திரைக்கு அப்போது தொலைவில் இருந்தது.

மீளாதவன்

இடையில் வந்தவன் தேவதாஸ். சரத் சந்திரரின் வங்க நாவல் 1917-இல் அச்சேறியது. அதனை 1953-இல் வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் படமாக்கினார். அக்கினேனி நாகேஸ்வர ராவ் தேவதாசாகவும் சாவித்திரி பார்வதியாகவும் நடித்தனர். இந்தியில் பிமல் ராய் 1955-இல் திலீப் குமாரை வைத்து எடுத்தார். அதற்கு இசை எஸ். டி. பர்மன்.

தேவதாசையும் இரு பெண்கள் நேசித்தனர். இருவராலும் அவனை மீட்க இயலவில்லை. பார்வதி வேறொரு வீட்டின் மருமகள். அவன் அவள் வாயிலில் வந்து விழுந்து இறக்கும்போதும் அவள் வெளியே வர முடியாதபடி கதவு அடைபடுகிறது. சந்திரமுகி தன் தொழிலையே துறந்தாள். துறந்தும் அவள் மீண்டாளேயன்றி அவன் மீளவில்லை. அன்பு இருந்தது, அன்புக்கு உரிமை இல்லை. ஆகவே அந்தக் கதைக்கு மரணம் ஒன்றே முடிவாயிற்று.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1971 செப்டம்பரில், அதே நாகேஸ்வர ராவ் தெலுங்குப் 'பிரேம நக'ரில் மீண்டும் மதுக்கிண்ணம் ஏந்தி வந்தார். இம்முறை அவர் மீண்டார். 1955-இல் மீளாதவனுக்கு இசையமைத்த பர்மனே, 1974-இல் இந்தியில் மீண்டவனுக்கும் இசையமைத்தார். ஒரே நடிகர், ஒரே இசையமைப்பாளர் வழியாக இரு கதைகளும் எதிரெதிரே நிற்கும் இந்தப் பொருத்தம் தற்செயலானது. ஆயினும் அது எழுப்பும் வினா பெரிது. தேவதாசுக்குக் கிட்டாதது இவனுக்கு எவ்வாறு கிட்டியது?

மும்மொழிப் பயணம்

டி. ராமாநாயுடு இக்கதையைக் கையில் எடுத்தபோது முந்தைய தோல்வியால் நலிந்திருந்தார். இதுவும் தோற்றால் ஊர் திரும்பி உழவு பார்ப்பது என்னும் எண்ணத்துடன் தொடங்கிய படம் என்பர். கே. எஸ். பிரகாஷ் ராவ் இயக்கினார். தெலுங்கில் ஆசார்ய ஆத்ரேயா எழுத, கே. வி. மகாதேவன் இசையமைக்க, படம் பெருவெற்றி கண்டது. அடுத்த ஆண்டே, 1972 செப்டம்பர் 29-இல், சிவாஜி கணேசன் நடிக்க 'வசந்த மாளிகை' வெளிவந்தது. நாயகியாக இரு மொழியிலும் வாணிஸ்ரீயே நடித்தார்; இசையும் மகாதேவனே. தமிழ் உரையாடல் பாலமுருகனுடையது, பாடல்கள் கண்ணதாசனுடையவை. மூன்றாம் வடிவம் இந்திக்குச் சென்றபோது, தமிழ்நாட்டில் பிறந்த ஹேமமாலினி நாயகியானார். நாயகன் தெலுங்கில் கல்யாண், தமிழில் ஆனந்த், இந்தியில் கரண் எனப் பெயர் மாறினான். நாயகி மட்டும் மூன்று மொழியிலும் லதாவாகவே நின்றாள். லதா என்றால் கொடி. கொடி மரத்தைப் பற்றிப் படர்வது கவிமரபு. இக்கதையிலோ சாயும் மரம் கொடியைப் பற்றி நிமிர்கிறது.

லதா பிழைப்புக்காக வேலை தேடும் பெண். தன்னிடம் தகாத முறையில் நடக்க முற்பட்டவனிடமிருந்து அவளை ஆனந்த் காக்கிறான். தன் காரியதரிசியாக வேலைக்கும் அமர்த்துகிறான். அவள் அவன் வீட்டு மருமகளல்லள். அவனால் வாழ்விக்கப்படும் அநாதையும் அல்லள். சம்பளத்துக்கு உழைப்பவள், பிடிக்காவிட்டால் விலகும் உரிமை உடையவள். அவள் குடியைக் கடிந்தபோது அச்சொல்லுக்கு எடை வந்தது இதனால்தான். பார்வதிக்கு அடைபட்ட கதவு லதாவுக்குத் திறந்திருந்தது. உள்ளே வரவும் வெளியே போகவும் இயன்ற ஒருத்தியின் அன்புக்கே அவன் கட்டுப்பட்டான். தேவதாசுக்கும் ஆனந்துக்கும் உள்ள வேறுபாடு ஆடவரின் மனவலிமையில் இல்லை. அவர்களை நேசித்த பெண்களின் நிலையில் இருக்கிறது.

கடை திறந்த காலம்

இப்படம் தமிழில் வெளிவந்த காலம் தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறை மதுக்கடை காணாமலே வளர்ந்தது. தேவதாஸ் 1953-இல் குடித்து மாண்டபோது தமிழ்நாட்டு இரசிகனுக்கு அது சட்டத்திற்கு அப்பாற்பட்ட ஒருவனின் துயரம். 1968-இல் ஜெமினி தயாரித்த 'ஒளிவிளக்கு' எம். ஜி. ஆரின் நூறாவது படம். 'பூல் அவுர் பத்தர்' என்னும் இந்திப் படத்தைத் தழுவிய அதுவும் ஒரு முரடன் ஒரு பெண்ணின் நற்பண்பால் திருந்தும் கதையே. அதில் நாயகன் குடித்த உடனே அவன் மனச்சான்றே பல உருவங்களாகத் தோன்றிப் பாட்டால் இடித்துரைத்தது.

1971 ஆகஸ்டு இறுதியில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. நிதிநெருக்கடியும், மதுவிலக்கு நடைமுறையில் இல்லாத அண்டை மாநிலங்களின் நிலையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. முதுமையின் தளர்ச்சியையும் பாராமல் ராஜாஜி, கோபாலபுரத்திலிருந்த முதல்வர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று, இம்முடிவு வேண்டாமெனக் கேட்டுக்கொண்டதை அந்நாளைய மக்கள் மறக்கவில்லை. கடைகள் திறந்தன. பதின்மூன்று மாதங்களில் 'வசந்த மாளிகை' வந்தது. அது திரைகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, டிசம்பர் 25-இல், ராஜாஜி மறைந்தார். 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன.

அந்த மூன்றாண்டு இடைவெளியின் நடுவில் நின்ற படம் இது. கோபாலபுரமும் தியாகராய நகரும் ஆழ்வார்பேட்டைக்கு அணித்தே உள்ளவை. அம்முடிவை எடுத்த முதல்வர் வாழ்ந்ததும், அதை மறுத்தவர் வாழ்ந்ததும், குடிகாரனாகத் திரையில் தோன்றிய கலைஞரின் அன்னை இல்லம் இருந்ததும், அவருக்குப் பாட்டெழுதிய கவிஞர் குடியிருந்ததும் நகரின் இந்த ஒரு பகுதியிலேயே. சட்டம் கைவிட்ட இடத்தில் மனிதனை எது தடுக்கும் என்ற கேள்வி வீடுகள்தோறும் எழுந்திருந்த வேளையில், ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு தடுக்கும் என்று இப்படம் விடை சொன்னது. வெள்ளிவிழாக் கண்ட அதன் வெற்றிக்கு நடிப்பும் பாட்டும் பெருங்காரணங்கள். இந்த விடைக்கும் அதில் பங்குண்டு எனலாம்.

கவிஞரின் பங்கு

கண்ணதாசன் தம் மதுப்பழக்கத்தை மறைத்தவரல்லர். தம் தன்வரலாற்று நூல்களில் பலவீனங்களைத் தாமே எழுதி வைத்தவர். ஆகவே இப்படத்தின் குடிப்பாட்டை அவர் வெளியே நின்று எழுதவில்லை. 'குடிமகன்' என்னும் சொல்லுக்கு நாட்டின் பிரஜை என்பது ஒரு பொருள்; குடிப்பவன் என்பது அவர் ஏற்றிய மறுபொருள். அரசே கடை திறந்திருந்த ஆண்டில் அந்தச் சிலேடை கேளிக்கைப் பாட்டின் தாளத்தோடு ஊரெங்கும் ஒலித்தது. இன்றும் தமிழ் ஏடுகள் குடிப்பவரைக் கிண்டலாகச் சுட்ட அச்சொல்லையே எடுத்தாள்கின்றன.

கதை முன்னேற அவர் மொழியும் மாறுகிறது. மாளிகையில் காதலர் பாடும்போது ஆரவாரம் தணிந்து, மௌனமே பொருளாகிறது. பிரிவில், ஒரு நெஞ்சம் போதாது என்று இறைவனிடம் முறையிடும் பாட்டு வருகிறது. முடிவில், எவளுக்காகக் கட்டினானோ அவள் இல்லாத மாளிகையைப் பார்த்து நாயகன் புலம்புகிறான். டி. எம். சௌந்தரராஜனின் குரலில் இப்பாடல்களை வரிசையாகக் கேட்டால், கதையறியாதவரும் ஒரு மனம் ஏறி இறங்கிய பாதையை உணர்வர். திரைப்பாடலைக் கவிதையென ஏற்கத் தயங்குவோர்க்கு இவ்வரிசையே மறுமொழி.

மீட்டவளின் நிலை

கதையின் உயிர்நிலை, ஆனந்த் குடியை விட்டதில் இல்லை. விட்ட பின் நேர்வதில் இருக்கிறது. குடும்பத்தார் சூழ்ச்சியால் லதாவின்மேல் நகைத்திருட்டுப் பழி விழுகிறது. அவன் அவளை ஐயுறுகிறான். சிலம்பைத் திருடியதாகப் பழி சுமந்த கோவலனை இங்கு நினைக்கலாம். மதுரையில் பழி ஆடவன்மேல் விழுந்தது. பெண் அவனுக்காக வழக்குரைத்தாள். இங்கே பழி பெண்மேல் விழுகிறது. அவளுக்காக வழக்குரைக்க வேண்டியவன் வாய் தவறுகிறான். அவள் வெளியேறுகிறாள். உண்மை தெரிந்து அவன் மன்னிப்புக் கேட்டபோதும் உடனே இரங்கவில்லை. மதுவுக்குத் தோற்றவனை மன்னித்தவள், நம்பிக்கை தவறியவனை மன்னிக்கத் தயங்குகிறாள். குடியினும் ஐயமே கொடிது என்று கதை இங்கே அமைதியாகத் தீர்ப்பளிக்கிறது.

வேறொருவனுக்கு அவள் வாழ்க்கைப்படவிருக்கும் செய்தி கேட்டு, அவன் நஞ்சுண்கிறான். மதுவைத் தொடாதே என்றுதான் அவள் சொன்னாள், நஞ்சைத் தொடாதே என்று சொல்லவில்லை என்பது அவன் கூறும் நியாயம். வாக்கின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொல்லும் இந்த வாதம் உருக்கமானது. ஆயினும் ஆராயத் தக்கது. மீட்சியின் முழுப்பாரமும் பெண்மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது. அவள் விலகினால் அவன் சாவுக்கும் அவளே பொறுப்பாகிறாள். எந்த உரிமையினால் அவள் அன்பு அவனை மீட்டதோ அந்த உரிமையை, விலகிச் செல்லும் உரிமையை, இறுதிக் காட்சி அவளிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அவன் பிழைக்கிறான், இருவரும் இணைகின்றனர். ஆனாலும் அந்த மகிழ்ச்சியின் விலை அவளிடமே வாங்கப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் குடிக்கும் கணவனைத் திருத்தும் கடமை மனைவிக்கே உரியதென்று கொள்ளும் வழக்கத்தை இப்படம் அசைத்தது பாதி, உறுதிசெய்தது பாதி.

கவிஞர் மறைந்தது 1981-இல். 2001-இல் மகாதேவனும் சிவாஜியும் ஒரு மாத இடைவெளியில் மறைந்தனர். 2015-இல் ராமாநாயுடு மறைந்தார். மதுக்கடைகளின் வரலாறோ நிற்கவில்லை. 1983-இல் மதுவின் மொத்த விற்பனைக்கென அரசு நிறுவனம் அமைந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 'வசந்த மாளிகை' புதுப்பிக்கப்பட்டு 2013-லும் 2019-லும் மீண்டும் திரைக்கு வந்தபோது, முதியவர்கள் தம் இளமைக்காலப் பாடல்களைக் கேட்க வந்தனர். அவர்களோடு அவர்தம் பேரப்பிள்ளைகளும் வந்தனர். குடிமகன் பாட்டுக்கு அரங்கு எழுந்து ஆடியது. லதா மாளிகையை விட்டு வெளியேறும் காட்சியில் அதே அரங்கு அடங்கியது. 1972-இல் இப்படம் கேட்ட கேள்விக்கு அந்த அமைதியில் இன்னும் விடை தேடப்படுகிறது.