முட்டைக்கலத்தின் மேற்பரப்பு: ஏர்ணஸ்ட் எவரெட் ஜஸ்ட்டின் ஆய்வு வாழ்வு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே கருக்கட்டல் பற்றி நிகழ்ந்த விவாதங்களின் அடியிலே ஒரு வினா கிடந்தது. முட்டைக்கலம் புறத்தூண்டலுக்கு இயங்கும் வெறும் இரசாயனத் தொகுதியா, அன்றிக் கருக்கட்டலைத் தானே முன்னின்று நடத்தும் உயிர்ப்பொருளா என்பதே அது. இரண்டாவது நிலைப்பாட்டைப் பரிசோதனைவழி நின்று வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஏர்ணஸ்ட் எவரெட் ஜஸ்ட் (1883–1941). அமெரிக்கக் கறுப்பினத்தவரான அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இனவொதுக்கலின் கதையையே விரித்துரைப்பர். அக்கதை உண்மையானது; அதை மறைத்து அவரது விஞ்ஞானத்தை எழுதுதல் இயலாது. ஆயின், அவர் கண்டவை யாவை என வினவாது அக்கதையோடு அமைந்துவிடுவதும் அவரை மீண்டும் ஆய்வுகூடத்துக்கு வெளியே நிறுத்துவதாகும்.

தென் கரோலினாவின் சாள்ஸ்ரன் நகரிற் பிறந்த ஜஸ்ட், 1907 இல் டாட்மத் கல்லூரியிலே உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார். கறுப்பினப் பட்டதாரியொருவருக்கு வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு அன்று திறந்திருக்கவில்லை. வாஷிங்டனிலுள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்திலே முதலில் ஆங்கிலமும், பின்னர் விலங்கியலும் கற்பிக்கலானார். 1909 முதல் கோடைகாலங்களில் மசசூசெற்ஸ் கரையிலுள்ள வூட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வுகூடத்திலே பிராங் லில்லியின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். 1915 இல் ஸ்பிங்கான் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. மறு ஆண்டு சிக்காகோப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது. எனினும் ஆண்டின் பெரும்பகுதி கற்பித்தற் சுமையிலேயே கழிந்தது. ஆய்வுக்கெனக் கோடைகாலமே எஞ்சியது.

1912 இல் வெளிவந்த அவரது முதற் கட்டுரை நெரீஸ் என்னும் கடற்புழுவின் முட்டை பற்றியது. விந்து முட்டையின் எவ்விடத்திலும் புகலாம் என்பதையும், முதலாவது பிளவுத்தளம் அது புகுந்த புள்ளியூடாகவே செல்கிறது என்பதையும் அவர் காட்டினார். முளையத்தின் சமச்சீர்த்தளம் முட்டையில் முன்னரே மாறாவகையில் வரையப்பட்டுள்ளது என்னும் கருத்தை இது அசைத்தது. பின்னர் 1919 இல், தட்டையான முட்தோலியொன்றின் முட்டையில் மேலும் நுண்ணியதொன்றை அவதானித்தார். விந்து ஒட்டிய இடத்திலிருந்து ஒரு மாற்றம் அலைபோல் முட்டையின் மேற்பரப்பெங்கும் பரவுகிறது. கருக்கட்டல் மென்சவ்வு உயர்வது கண்ணுக்குத் தெரியுமுன்னரே அம்மாற்றம் கடந்துசென்றுவிடும். அதன்பின் வேறு விந்து நுழைவதில்லை. நுணுக்குக்காட்டியும் பொறுமையுமே இங்கு முதன்மைக் கருவிகளாயிருந்தன என்பது நோக்கற்பாலது.

இப்பொறுமைதான் அவரை ஜாக் லோப் என்னும் பேரறிஞருடன் முரண்படச் செய்தது. விந்தின்றியே முட்டையை விருத்தியடையச் செய்யலாம் என நிறுவிய லோப், அதற்கு இரு படிகள் வேண்டுமென்றார்: பியூத்திரிக்கமிலத்தால் மென்சவ்வை எழுப்புதல் ஒன்று, அதனால் விளையும் சிதைவைச் செறிவு மிகுந்த கடல்நீரால் திருத்துதல் மற்றொன்று. செறிவு மிகுந்த கடல்நீர் மட்டுமே போதுமென்பதை ஜஸ்ட் காட்டினார். அவரது நோக்கில், முட்டை விருத்தியடைவதற்கான ஆற்றல் அதனுள்ளேயே உள்ளது. புறத்தூண்டல் அதனைத் தொடக்கிவிடுவது மாத்திரமே. கெட்டுப்போன முட்டையில் பெறும் முடிவு முட்டையைப் பற்றியதன்று என்று வாதிட்ட அவர், கண்ணாடிப் பாத்திரங்களின் தூய்மை, நீரின் வெப்பநிலை முதலியவற்றிற் காட்டிய கண்டிப்பு வூட்ஸ் ஹோலிலே பெயர்பெற்றது. முட்டைகளைக் கையாளும் முறையை அவரிடம் கேட்டறிந்தோர் பலர். ஆலோசனை கேட்ட அச்சமூகம் அவருக்குத் தகுந்த பதவியொன்றை அளிக்க முன்வரவில்லை.

1929 இல் அவர் நேப்பிள்ஸ் விலங்கியல் நிலையம் சென்றார். 1930 இல் பேர்லினிலுள்ள கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவகம் அவரை அழைத்தது. சொந்த நாட்டிற் கிட்டாத சமத்துவத்தை ஜேர்மனியிலே கண்டார். 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தமை அதற்கு முற்றுப்புள்ளியிட்டது. பின்னர் பிரான்சிற் பணியாற்றினார். 1940 இல் ஜேர்மன் படைகள் அங்கு புகுந்தபோது தடுத்துவைக்கப்பட்டு, விடுதலையாகி அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டு ஒக்ரோபரிற் புற்றுநோயால் மறைந்தார்.

1939 இல் வெளிவந்த "கலமேற்பரப்பின் உயிரியல்" அவரது கொள்கை நூல். கலத்தின் புறப்படையும் குழியவுருவும் கருவுக்கு வெறும் உறையல்ல என்பது அதன் மையக்கருத்து. அதன் உற்சாகத்தில் அவர் பரம்பரையலகுகளின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டார்; அது பிழையென்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். ஸ்ரீவன் ஜே கூல்ட் அவரை இயந்திரவாதத்துக்கும் உயிர்விசைவாதத்துக்கும் இடைப்பட்ட முழுமைவாதியாகக் கணித்தார். இக்கணிப்புப் பொருத்தமானதே. ஆயினும், ஒதுக்கப்பட்ட மனிதன் ஓரத்திலுள்ள புறப்படையை விரும்பினான் என்று எளிதாய் முடிச்சுப்போடும் விளக்கங்களை நான் ஏற்கேன். 1912 இன் அவதானிப்புக்கு அத்தகைய உருவகம் தேவைப்படவில்லை, முட்டையே போதுமாயிருந்தது.

கெனத் மன்னிங் எழுதிய வாழ்க்கை வரலாறு 1983 இல் வெளிவந்தபின் அவர் பெயர் பரவலாயிற்று. அதற்கு முன்னரே, 1976 இல், லொரிண்டா ஜாவே கடல்வாழ் முட்தோலி முட்டையின் மென்சவ்விலே, விந்து தொட்டவுடன் நிகழும் மின்னழுத்த மாற்றம் ஏனைய விந்துக்களைத் தடுப்பதைக் காட்டியிருந்தார். மென்சவ்வு உயருமுன்னரே தடை எழுகிறது என ஜஸ்ட் நுணுக்குக்காட்டியூடே கண்டு அப்போது ஐம்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.