ஒரு மனைவியின் நுழைவு அனுமதியும் தில்லையாடி வள்ளியம்மையும்

எங்கள் நீடாமங்கலத்தில் சந்தானராமர் சந்நிதியில் தாலி கட்டிக்கொண்ட இணையர், மணமகனுக்கு வெளிநாட்டில் வேலை என்றால், அடுத்ததாகச் செல்லுமிடம் சார்பதிவாளர் அலுவலகம். தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டின் சட்டம் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனால் கடல்கடந்து செல்லும் குடும்பங்களுக்கு அக்காகிதத்தின் தேவை அதற்கும் வெகுகாலம் முன்பே புரிந்துவிட்டது. ஊரும் உறவும் கூடி நடத்திய திருமணத்தை அயல்நாட்டு அரசு ஒன்று திருமணமென்றே ஒப்பவில்லையெனில் என்ன ஆகும்? நூறாண்டுகளுக்கு முன் இக்கேள்வி நம் தஞ்சை மண்ணின் வழிவந்த ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது.

தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் 'ட்ரூரோ', சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்தும் மக்கள் அங்கே சென்றனர், வணிகர்களும் சென்றனர். காலப்போக்கில் புதிதாக இந்தியர் நுழைவதற்கான வழிகளை அங்கிருந்த அரசுகள் ஒவ்வொன்றாக அடைத்தன. எஞ்சிய வாயில் ஒன்றே: சட்டப்படி அங்கே வாழ்பவரின் மனைவியும் இளம்பிள்ளைகளும் வரலாம்.

1913 மார்ச் 14 அன்று அந்த வாயிலும் ஆட்டங்கண்டது. ஹசன் ஈசாப் என்பவர் தம் மனைவி பாய் மரியத்தை இந்தியாவிலிருந்து வரவழைத்தார். அதிகாரிகள் மறுத்தனர். வழக்கு கேப் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் முன் வந்தது. பலதாரமணத்தை அனுமதிக்கும் சமயமுறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் பார்வையில் திருமணமாகாது; ஆகவே, பாய் மரியம் அச்சட்டம் கூறும் 'மனைவி' ஆகார் என்பது தீர்ப்பு. ஈசாப்புக்கு வேறு மனைவி உண்டா என்பதல்ல இங்கே வினா. அவருடைய சமயம் அதற்கு இடந்தருகிறது என்பதே போதுமானதாயிற்று!

தீர்ப்பின் வீச்சு அவ்வொரு குடும்பத்தோடு நிற்கவில்லை. அக்கினி வலம்வந்து நடந்த இந்துத் திருமணமும் அதே தராசில் வைக்கப்படக் கூடியதே. கிறித்தவ முறைப்படியோ பதிவாளர் முன்னிலையிலோ நடந்தவை நீங்கலாக, அங்கே வாழ்ந்த இந்தியர் திருமணங்கள் யாவும் ஐயத்துக்குள்ளாயின. பல்லாண்டுகள் குடித்தனம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயிற்று. அதுகாறும் பெண்களைச் சிறைப் போராட்டத்துக்கு அழைக்கத் தயங்கிய காந்தி, இனித் தயங்குவதற்கில்லை என்று முடிவு செய்தார்.

போராட்டத்திற்கெனத் தேர்ந்த குற்றம் பொருத்தமானது. அனுமதியின்றி மாகாண எல்லையைக் கடப்பதுதான் அது. 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட 16 பேர் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்குள் நுழைந்து, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். எதிர்த்திசையில், டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள் புறப்பட்டனர். பெரும்பாலோர் தமிழர், சிலரது இடுப்பில் கைக்குழந்தை. அவர்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளரிடம் பேசினர். ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய கூலிகள் ஆண்டுதோறும் செலுத்தவேண்டியிருந்த 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. ஆக, மனைவியர் உரிமை கோரிப் புறப்பட்டவர்களே கூலிகளின் வரிப் போராட்டத்தையும் மூட்டினர். நம் நூல்களில் வரி நின்றுவிட்டது. மனைவியர் மறைந்துவிட்டனர் என்பதே எம் குறை.

வள்ளியம்மை பின்னர் சிறை புகுந்தவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவரது பூர்விகம். அன்று அவ்வூரும் நீடாமங்கலமும் ஒரே தஞ்சை ஜில்லா. மணமாகாத அச்சிறுமிக்குத் தீர்ப்பால் தனிப்பட இழப்பு ஏதுமில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். சிறையில் கண்ட காய்ச்சலோடு 1914 ஜனவரியில் விடுதலையான அவர், பிப்ரவரி 22 அன்று இறந்தார், வயது 16. சேலையைக் கிழித்துக் கொடியாகக் காட்டினார் என்னும் கதை மேடைகளில் இன்றும் முழங்குகிறது. அவர் எல்லை கடந்த காரணத்தை அங்கே கேட்பது அரிது.

அவர் மறைந்து ஐந்து மாதங்களுக்குள் 1914-ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. தலைவரி ஒழிந்தது. இந்தியச் சமயமுறைத் திருமணங்களைப் பதிவு செய்து ஏற்க வழி பிறந்தது. பெருவிரல் ரேகை பதித்த வசிப்புரிமைச் சான்று மறுக்கவியலாத ஆதாரமாயிற்று. ஆனால் சட்டம் ஏற்றது ஒரே ஒரு மனைவியை. இரு மனைவியர் உள்ள குடும்பத்தில் மற்றொருத்தி தாயகத்திலேயே நிற்க நேர்ந்தது. இழப்பில்லாத வெற்றி என்று இதைக் கூற எமக்கு மனம் வரவில்லை.

பெற்றதும் நிலைக்கவில்லை. நிறவெறி ஆட்சி 1953-ஆம் ஆண்டின் குடியேற்றத் திருத்தச் சட்டத்தால் அவ்வாயிலை மூடியது. அவ்வாண்டு பிப்ரவரி 10-க்குப் பின் தாயகத்தில் பெண்ணெடுத்த தென்னாப்பிரிக்க இந்தியர், பதிவுச் சான்று கையிலிருந்தும் மனைவியை அழைத்துச்செல்ல இயலாதவராயினர். தமிழகத்தில் பெண் தேடும் வழக்கம் அத்துடன் அக்குடும்பங்களில் அற்றுப்போகத் தொடங்கிற்று.