கிறுக்கலா, ஓவியமா?



ரயில் பாதையோரச் சுவர்களில் தெளித்திருக்கும் எழுத்துகளைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். வேறொரு தெருவில் சுவரோவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டுமே தெளிப்பு வர்ணம்தான். ஒன்றைக் கிறுக்கல் என்றும் மற்றதைக் கலை என்றும் எதை வைத்துப் பிரிக்கிறோம்? நியூயோர்க் நகரத்தின் வரலாறு இதற்குப் பதில் தருகிறது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'டாக்கி 183' என்ற எழுத்து அந்நகரெங்கும் தென்பட்டது. ஓர் இளைஞர் தன் செல்லப் பெயரோடு தான் வசித்த 183ஆம் தெருவின் எண்ணைச் சேர்த்து எழுதியது அது. 1971இல் நியூயோர்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. பலர் அவரைப் பின்பற்றினர். 'நானும் இங்கே இருக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் வழிப்போக்கருக்கு ஒரு செய்தியும் இல்லை.

1986இல் ஓவியர் கீத் ஹேரிங், ஹார்லெமில் ஒரு விளையாட்டு மைதானச் சுவரில் 'கிராக் இஸ் வாக்' என்று பெரிதாக வரைந்தார். கிராக் என்பது கொக்கேன் வகைப் போதைப்பொருள். அவருடைய உதவியாளர் ஒருவரே அதற்கு அடிமையாகி அவதிப்பட்டார். அனுமதி இல்லாமல் வரைந்ததால் ஹேரிங்குக்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஓவியமும் அழிக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் நகரப் பூங்காத் துறையின் ஆதரவோடு அவர் அங்கேயே மறுபடி வரைந்தார். அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. தாதியராகிய நாங்கள் போதையில் விழுந்தவர்களைப் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த பிறகே சந்திக்கிறோம். அந்தச் சுவரோ அவர்களைத் தெருவிலேயே சந்தித்தது.

குயின்ஸ் பகுதியின் 'ஃபைவ் பாயிண்ட்ஸ்' கட்டடத்தில் நடந்தது வேறு. அங்கே உரிமையாளரின் சம்மதத்துடனேயே ஓவியர்கள் வரைந்தனர். யார் எங்கே வரைவது என்பதற்கும் ஒழுங்கு இருந்தது. 2013இல் ஓர் இரவில் உரிமையாளர் அனைத்துக்கும் வெள்ளை அடித்தார். ஓவியர்கள் வழக்குத் தொடுத்தனர். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மதிப்புப் பெற்ற கலைப்படைப்புகளை அழிவிலிருந்து பாதுகாக்கிறது. அதன்படி 45 ஓவியங்களுக்காக 67.5 இலட்சம் டொலர் வழங்க 2018இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அனுமதி முக்கியம்தான். பிறர் வீட்டுச் சுவரைப் பாழாக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அனுமதி மட்டுமே ஒரு சுவருக்கு மதிப்பைக் கொடுத்துவிடாது. ஹேரிங் அனுமதி இன்றித் தொடங்கினார், ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. வரைந்தவரின் பெயரைத் தாண்டி, அந்த வழியாக நடப்பவருக்கு அதில் ஏதாவது இருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு சுவரைக் கடக்கும்போது, அது யாரோடு பேசுகிறது என்று கவனித்துப் பார்ப்போம்.